மூன்று மொழியில் நடக்கும் தொடர்மாடிக் கூட்டம்: கூட்டறிக்கையை ஏஐயிடம் எழுதக் கொடுக்கலாமா?

வெள்ளவத்தை_செயலாளர்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே உள்ள ஒரு தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு, அதாவது வீட்டு உரிமையாளர்களின் அமைப்புக்கு, நான்தான் செயலாளர். சம்பளமில்லாத வேலை, ஆனால் விருப்பத்தோடு செய்கிறேன். இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது, உங்கள் கட்டடங்களில் என்ன செய்கிறீர்கள் என்று அறிய வேண்டும்.

கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் லிப்ட் விஷயம் நீண்ட நேரம் பேசப்பட்டது. பழுதுபார்த்துக்கொண்டே போவதா, புதிதாகப் போடுவதா என்று. கடைசியில் முடிவானது ஒன்றுதான், மூன்று நிறுவனங்களிடம் விலைமனு கேட்பது. நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஆனால் மேல்மாடியில் இருக்கும் ஓர் உரிமையாளர், நல்ல தம்பிதான், முழுக் கூட்டத்தையும் போனில் பதிவுசெய்து ஓர் ஆப்பில் போட்டு, அன்று இரவே அழகாகத் தலைப்பெல்லாம் வைத்த ஒரு கூட்டறிக்கையை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதில் "புதிய லிப்ட் பொருத்த உறுப்பினர்கள் ஏகமனதாக இணங்கினர்" என்று இருக்கிறது. அப்படி ஒரு இணக்கம் அந்த மண்டபத்தில் நடக்கவே இல்லை. ஆனால் இப்போது கட்டடத்தில் பாதிப் பேர் "மெஷின் எழுதினதில் பக்கச்சார்பு இல்லை, செயலாளர் எழுதினதில்தான் இருக்கும்" என்கிறார்கள்.

நான் ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூன்று மணிநேரக் கூட்டத்தை உட்கார்ந்து எழுதி, அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பிறகு சிங்களமும் தமிழும் மட்டும் தெரிந்தவர்களுக்கு வாயால் விளக்கிச் சொல்வது எவ்வளவு வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். இதை எப்படி ஒழுங்காகப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

தெஹிவளை_2ஆம்மாடி

அக்கா, உங்களைப் பற்றிச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். மக்கள் மெஷினை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் முன்பிருந்த குழு, கூட்டத்தில் யாராவது கணக்குக் கேட்டால் அதைக் கூட்டறிக்கையில் எழுதவே மாட்டார்கள். கேட்டவருக்கு அடுத்த வருடம் போய் "நான் கேட்டேனே" என்று சொல்ல ஓர் ஆதாரமும் இருக்காது. சிங்கிங் ஃபண்ட், அதாவது பெரிய திருத்த வேலைகளுக்கென்று சேர்த்துவைக்கும் காசு, எங்கே போனது என்று கேட்ட ஒரு வயதான அம்மாவை அப்படித்தான் வாயடைக்க வைத்தார்கள். பதிவு இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆகவே ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் பக்கம். எழுத்தாக்குவது ஆப்பா மனிதரா என்பது இரண்டாவது விஷயம்.

பழைய_கிளறிக்கல்

நான் அரச திணைக்களத்தில் கூட்டறிக்கை எழுதியே காலத்தைக் கழித்தவன், இப்போது பம்பலப்பிட்டியில் இருக்கிறேன். ஒரு அடிப்படை விஷயத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கூட்டறிக்கை என்பது என்ன செய்யப்பட்டது என்பதன் பதிவு. என்ன பேசப்பட்டது என்பதன் பதிவு அல்ல. யார் வந்தார்கள், வராதவர்களில் யார் தமக்காக வாக்களிக்கப் பதிலாள் படிவம் கொடுத்தார்கள், கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆட்தொகை) இருந்ததா, சென்ற கூட்டறிக்கை திருத்தத்தோடு ஏற்கப்பட்டதா, எந்தப் பிரேரணை, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, யார் எதை எந்தத் திகதிக்குள் செய்ய வேண்டும். இவ்வளவுதான். இதில் பாதிக்கு மேல் ஒலிப்பதிவில் கேட்கவே கேட்காது. வருகைப் பதிவேட்டில் வைத்த கையொப்பத்துக்குச் சத்தம் இல்லை. உயர்த்திய கைக்கும் சத்தம் இல்லை. பதிலாள் படிவம் பைலில் கிடக்கும். ஆகவே உலகத்திலேயே சிறந்த எழுத்தாக்கி வந்தாலும் அது கூட்டறிக்கையின் பாதியைத் தர முடியாது.

அந்தத் தம்பியின் ஆப் செய்த பிழையும் இதுதான். ஒருவர் "புதுசு போடுறதுதான் நல்லது" என்றிருப்பார், இன்னும் நாலு பேர் "ஓம், ஓம்" என்றிருப்பார்கள். அதைப் பார்த்து அது தீர்மானம் என்று முடிவுகட்டியிருக்கிறது. கலந்துரையாடலுக்கும் தீர்மானத்துக்கும் உள்ள வித்தியாசம் தலைவரின் வாயில் இருக்கிறது. அவர் "இதுதான் முடிவு, எதிர்ப்பு உண்டா" என்று கேட்காத வரை தீர்மானம் என்று ஒன்று இல்லை.

கோட்_எழுதுபவன்

ஐயா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். தொழில்நுட்பப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வேறு வேலைகளை ஆட்கள் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒலியை எழுத்தாக்குவது ஒரு வேலை. அந்த எழுத்தைச் சுருக்கிக் கூட்டறிக்கை போல ஆக்குவது இன்னொரு வேலை. இரண்டும் வேறு வேறு விதமாகப் பிழைவிடும்.

முதல் வேலைக்கு இன்று பல ஆப்களுக்குள்ளே இருப்பது ஓப்பன் ஏஐ 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர், அல்லது அது மாதிரியான ஒன்று. விஸ்பரை 680,000 மணிநேர ஒலியில் பயிற்றினார்கள். அதில் பெரும்பகுதி ஆங்கிலம். மற்ற 96 மொழிகளுக்கும் சேர்த்து 117,000 மணிநேரம்தான். அதற்குள் தமிழ் எவ்வளவு, சிங்களம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தமிழிலும் எங்கள் பேச்சுத் தமிழ் எவ்வளவு இருக்கப் போகிறது?

அடுத்தது, அது ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துத்தான் கேட்கும். மொழியை நீங்கள் சொல்லாவிட்டால் தொடக்கத் துண்டை வைத்துத் தானே ஊகிக்கும். எங்கள் கூட்டத்தில் தலைவர் ஆங்கிலத்தில் வரவேற்பார், பொருளாளர் சிங்களத்தில் கணக்கு வாசிப்பார், கேள்வி தமிழில் வரும், பதில் மூன்றும் கலந்து வரும். ஆங்கிலம் என்று ஒருமுறை தீர்மானித்துக்கொண்டு தமிழ்ப் பேச்சை ஆங்கிலச் சொற்களாக்கி எழுதின கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

மிக ஆபத்தானது மௌனம். யாரும் பேசாத இடத்தில், அல்லது தூரத்தில் சலசலப்பு மட்டும் கேட்கும் இடத்தில், அது சும்மா இருக்காது, எதையாவது எழுதிவிடும். 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கில ஒலிப்பதிவுகளை வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு துண்டில், பேசவே படாத வசனங்கள் முளைத்திருந்தன. இடைவெளி விட்டு விட்டுப் பேசுபவர்களின் பதிவில் அது கூடுதலாக இருந்தது. எங்கள் கூட்டங்களில் யோசித்து யோசித்து நிதானமாகப் பேசுபவர்கள் யார்? வயதானவர்கள். அவர்களுடைய வாயில்தான் மெஷின் சொல்லாத சொல்லை வைக்கும்.

யார் பேசினார் என்பதையும் விஸ்பர் தனியாகச் சொல்லாது. அதற்கு வேறொரு மென்பொருள் சேர்க்க வேண்டும். அதுவும் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் திணறும்.

கொட்டாஞ்சேனை_5ஆம்மாடி

நாங்கள் முயன்று பார்த்தோம், அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் கூட்டம் கீழே கார் பார்க்கில் நடக்கும். மேசையின் நடுவில் ஒரு போன். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது.

சொற்பிழைகள் எனக்குப் பெரிய கவலை இல்லை, வாசிக்கும்போது ஊகித்துவிடலாம். பயம் தருவது ஊகிக்க முடியாத பிழைகள். பேச்சில் "வேணும்" என்பதற்கும் "வேணாம்" என்பதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். கார் பார்க் எதிரொலியில் மெஷின் ஒன்றை மற்றதாக எழுதினால் வசனம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், முடிவு மட்டும் தலைகீழாகிவிடும். எண்களும் அப்படித்தான். தொண்ணூறும் தொள்ளாயிரமும். சிங்களத்தில் பஹ என்றால் ஐந்து, பணஹ என்றால் ஐம்பது. ஆங்கிலத்தில் பிஃப்டீன், பிஃப்டி. தண்ணீர் மோட்டருக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பூச்சியம் கூடினால் வாசிக்கிறவருக்குத் தெரியாது, ஆனால் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவருக்கு அது பெரிய சண்டை.

ஆகவே காசும் திகதியும் வாக்கும் ஒருபோதும் எழுத்தாக்கியதிலிருந்து எடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். அவை கையால் எழுதிய தாளிலிருந்துதான் வரும்.

தெஹிவளை_2ஆம்மாடி

அப்படியென்றால் மெஷின் எதற்கு?

கொட்டாஞ்சேனை_5ஆம்மாடி

தேடுவதற்கு. "ஜெனரேட்டர் டீசலைப் பற்றி எந்த இடத்தில் பேசினோம்" என்று தேடினால் நேரக் குறியோடு காட்டும், அந்த இடத்துக்குப் போய்க் காதால் கேட்கலாம். மூன்று மணிநேரப் பதிவை முழுதும் கேட்கத் தேவையில்லை. செயலாளருக்கு அது பெரிய உதவி. எழுத்தாக்கியதைப் பதிவின் அட்டவணையாகப் பயன்படுத்துங்கள், அது போதும்.

சட்டம்_படிக்கிறவள்

இங்கே யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தத் தம்பி பதிவு செய்யப் போகிறேன் என்று கூட்டத்தில் சொன்னாரா? பதிவை எந்த ஆப்பில், எந்த நாட்டில் உள்ள சேவரில் ஏற்றினார்?

உங்கள் கூட்டங்களில் கட்டண நிலுவை வைத்திருப்பவர்களின் பெயர் சத்தமாக வாசிக்கப்படும். ஒரு வீட்டில் வருத்தக்காரர் இருப்பதால் லிப்ட் அவசரம் என்று சொல்வார்கள். காவலாளி மீது களவுக் குற்றச்சாட்டு வரும், அது பிறகு பொய்யாகவும் போகும். இவ்வளவும் எழுத்து வடிவில், தேடக்கூடிய கோப்பாக, யாரோ ஒருவருடைய இலவசக் கணக்கில் கிடக்கும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்கு எடுத்த தரவை அந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் உண்டு. முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்பது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் ஓர் அமைப்பு, நண்பர்கள் கூடிப் பேசும் கூட்டம் அல்ல. அதன் பேரில் செய்யும் பதிவுக்கு அதுதான் பொறுப்பு. பிரச்சினை முற்றி, தொடர்மாடிகளுக்குப் பொறுப்பான அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு முறைப்பாடு போனால், அங்கே மேசையில் வைக்கப்படுவது கூட்டறிக்கைதான். அங்கே இரண்டு விதமான "கூட்டறிக்கை" போய் நின்றால் யோசித்துப் பாருங்கள்.

ரொறன்ரோ_உரிமையாளர்

எனக்கு வெள்ளவத்தையில் வீடு இருக்கிறது, அம்மா அங்கே தனியாக இருக்கிறார். நான் சூமில் சேருகிறேன். மண்டபத்தில் பேசுவது எனக்குப் பாதிதான் கேட்கும். யாராவது லப்டொப்பை அவர் பக்கம் திருப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் பேசுவதைத் தானே பதிந்து குறிப்பெடுக்கும் பொட் (மென்பொருள்) ஒன்றை நான் கூட்டத்தில் சேர்ப்பது வழக்கம். உண்மையைச் சொன்னால் அது இல்லாமல் எனக்கு ஒன்றும் விளங்காது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களும் காசு கட்டுகிறோம், எங்களுக்கும் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் தடைசெய்யாதீர்கள்.

சட்டம்_படிக்கிறவள்

அண்ணா, உங்கள் தேவை நியாயமானது. ஆனால் அந்த பொட் உங்களுடைய சொந்தக் கணக்குக்குப் போகிறது, மண்டபத்தில் இருக்கும் முப்பது பேருடைய குரலோடு. அவர்களில் எத்தனை பேருக்கு அது பங்கேற்பாளர் பட்டியலில் இருப்பது தெரியும்? கூட்டுத்தாபனமே ஒரு பதிவை எடுத்து, கேட்க விரும்பும் உரிமையாளருக்குக் கேட்க வசதி செய்தால் உங்களுக்குத் தனி பொட் தேவைப்படாது.

பழைய_கிளறிக்கல்

அதோடு ரொறன்ரோ தம்பிக்கு உண்மையில் வேண்டியது நல்ல மைக். முந்நூறு வசனத் தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்தாக்கம் அவருக்கு எதைத் தரும்? பேசுகிறவர் கையில் மைக் போக வேண்டும், மைக் இல்லாமல் பேசினால் தலைவர் நிறுத்த வேண்டும். இது ஒழுங்கானால் சூமில் இருப்பவருக்கும் கேட்கும், பதிவும் சுத்தமாக வரும், ஒருவர்மேல் ஒருவர் பேசுவதும் குறையும்.

கலிபோர்னியா_உறவு

என் அக்கா கலிபோர்னியாவில் ஒரு வீட்டுரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அங்கே மாநிலச் சட்டப்படி நிர்வாகக் குழுக் கூட்டத்தின் கூட்டறிக்கையை, வரைவாகவோ சுருக்கமாகவோ என்றாலும், 30 நாட்களுக்குள் உறுப்பினர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். தனிப்பட்ட உரையாடலை எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது அங்கே குற்றம். அவர்கள் ஏஐயை வரைவு எழுத மட்டும் பயன்படுத்துகிறார்களாம், கூட்டறிக்கை உறுதிப்படுத்தப்பட்டதும் பதிவையும் எழுத்தாக்கியதையும் அழித்துவிடுகிறார்களாம். நாங்களும் அப்படிச் செய்யலாமே.

தெஹிவளை_2ஆம்மாடி

அழிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அங்கே கூட்டறிக்கை சரியாக எழுதப்படும் என்ற நம்பிக்கை இருக்கலாம். இங்கே பதிவை அழித்துவிட்டுக் கூட்டறிக்கையை நம்பு என்றால், சிங்கிங் ஃபண்ட் கேட்ட அந்த அம்மாவின் கதைதான் திரும்ப நடக்கும்.

கோட்_எழுதுபவன்

இரண்டு பேரும் சொல்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் கூட்டறிக்கை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்தான் உறுதியாகும். "உறுதியானதும் அழிப்போம்" என்றால் ஒரு வருடம் அந்தப் பதிவு எங்கேயோ கிடக்கும். அதற்குப் பதில், வரைவைச் சீக்கிரம் அனுப்பி, ஆட்சேபனைக்கு ஒரு கால எல்லை வைத்து, அதற்குள் யாராவது "நான் சொன்னது வரவில்லை" என்றால் அவரைக் கூப்பிட்டு அந்த இடத்தைச் சேர்ந்து கேட்கலாம். ஆட்சேபனை தீர்ந்த பிறகு அழிக்கலாம். தீராத ஆட்சேபனை இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வைத்திருக்கலாம். அம்மாவின் கேள்வியும் பாதுகாக்கப்படும்.

இன்னொன்று, பதிவை வெளியே அனுப்பவே தேவையில்லை. விஸ்பர் திறந்த மூல மென்பொருள், சொந்தக் கணினியில் இணையம் இல்லாமலே ஓடும். பெரிய மொடல் ஏறக்குறைய மூன்று ஜிபி. பழைய லப்டொப்பில் மெதுவாகத்தான் ஓடும், இரவு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். தொடங்கும்போது உரிமையாளர்களின் பெயர், வீட்டிலக்கம், லிப்ட் கம்பனியின் பெயர் எல்லாவற்றையும் முன்குறிப்பாகக் கொடுத்தால் பெயர்ப் பிழைகள் குறையும். நீண்ட பட்டியல் கொடுக்க முடியாது, இருநூறு சொற்கள்கூட வராது. தமிழ்ப் பகுதியையும் சிங்களப் பகுதியையும் தனித்தனியாக வெட்டி மொழியைச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

வெள்ளவத்தை_செயலாளர்

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் வாசித்தேன். கிளறிக்கல் ஐயா சொன்ன விஷயம் மனதில் நிற்கிறது. எங்கள் தலைவர் நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தை முடித்துவைக்காமல் அடுத்ததுக்குப் போய்விடுவார். அதனால் என் கொப்பியிலும்கூட முடிவு எது என்று நான் தீர்மானிக்க வேண்டியதாகிறது. ஆக இது மெஷின் வருமுன்பே இருந்த பிரச்சினை.

தெஹிவளைத் தம்பி சொன்னதும் சரி. செயலாளர் தனியாக எழுதி, தனியாக அனுப்பினால், எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். சந்தேகப்படுபவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுடைய காசு.

மட்டக்குளி_உம்மா

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. என் மகன் இதைக் காட்டினான். எங்கள் மாடியில் கூட்டறிக்கை எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும். எனக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்கும் ஆங்கிலம் வராது. இத்தனை வருடமாக என்ன முடிவெடுத்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். இந்த மெஷின் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தருமென்றால் அதை முதலில் செய்யுங்கள். பதிவைப் பற்றி நீங்கள் பேசுவது எல்லாம் எனக்கு விளங்கவில்லை, இது மட்டும் விளங்குகிறது.

பழைய_கிளறிக்கல்

தங்கச்சி சொன்னதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய விஷயம். சிங்களமும் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. எங்கள் கட்டடங்களில் நடப்பது மறுபக்கம். மூன்று பக்கக் கூட்டறிக்கையை மொழிபெயர்க்க ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லிவந்தோம். இப்போது அந்தச் சாட்டு இல்லை. மனிதர் எழுதி உறுதிசெய்த ஒரு பக்கத்தை மெஷினிடம் கொடுத்தால் தமிழும் சிங்களமும் வாசிக்கக்கூடிய தரத்தில் வரும். சத்தமான மண்டபத்துப் பதிவை எழுத்தாக்குவதைவிட அது மெஷினுக்கு இலகுவான வேலை. பிறகு அந்த மொழி பேசும் ஓர் உரிமையாளர், எண்களையும் எதிர்மறை வினைகளையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் இடையே முரண் வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்பதை முதலிலேயே தீர்மானித்து அறிக்கையின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை_5ஆம்மாடி

எழுத்தாக்கியதைச் சுருக்கித் தரும்படி மெஷினிடம் சொல்லும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். "கூட்டறிக்கை எழுது" என்று கேட்டால் அந்த ஆப்கள் எல்லாவற்றையும் இணக்கமாக ஆக்கிவிடும். எதிர்த்தவர் காணாமல் போவார். ஏகமனதாக, உறுப்பினர்கள் வரவேற்றனர், பயனுள்ள கலந்துரையாடல், இந்த மாதிரிச் சொற்கள் வந்தால் அந்த இடத்தை உடனே பதிவில் போய்க் கேளுங்கள். நாங்கள் இப்போது "தீர்மானம் என்று தலைவர் அறிவித்தவற்றை மட்டும் நேரக் குறியோடு எடு, வேறொன்றும் எழுதாதே" என்றுதான் கேட்கிறோம்.

வெள்ளவத்தை_செயலாளர்

சரி, நேற்று முகாமைத்துவ சபையில் இதைப் பேசினோம். மேல்மாடித் தம்பியையும் கூப்பிட்டிருந்தோம். லிப்ட் பகுதியை அவருடைய பதிவிலேயே எல்லோரும் சேர்ந்து கேட்டோம். விலைமனு கேட்பது என்றுதான் இருக்கிறது, அவரே குழுவில் திருத்தம் போட்டார். இனிப் பதிவு எடுக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார், கூட்டுத்தாபனத்தின் லப்டொப்பில், வெளியே ஏற்றாமல்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலோடு மூன்று மொழியிலும் போகவிருக்கும் வாசகம் இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"கூட்டறிக்கை தயாரிப்பதற்கு உதவியாக இக்கூட்டம் ஒலிப்பதிவு செய்யப்படும். ஆட்சேபனை உள்ளவர் தெரிவித்தால் அவர் பேசும்போதும், நிலுவை மற்றும் ஊழியர் விடயங்கள் பேசப்படும்போதும் பதிவு நிறுத்தப்படும். ஒவ்வொரு விடயத்தின் முடிவிலும் தலைவர் தீர்மானத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் உரக்க வாசிப்பார், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு விபரம் உடனே தாளில் எழுதப்பட்டு இரு உரிமையாளர்களால் கையொப்பமிடப்படும். வரைவு மூன்று வாரத்துக்குள் மூன்று மொழிகளிலும் அனுப்பப்படும். அனுப்பியதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எந்த உரிமையாளரும் செயலாளருடன் இருந்து பதிவைக் கேட்கலாம். ஆட்சேபனைகள் தீர்ந்தபின் பதிவு அழிக்கப்படும்."

தெஹிவளை_2ஆம்மாடி

கேட்கப்பட்ட கேள்விகளும் கேட்டவரின் வீட்டிலக்கமும் கூட்டறிக்கையில் ஒரு வரியாவது வர வேண்டும் என்று சேருங்கள் அக்கா. அதைச் சேர்த்தால் அழிப்பதற்கு நானும் சம்மதம்.

வெள்ளவத்தை_செயலாளர்

சேர்த்துவிட்டேன் தம்பி. சூமில் இருப்பவர்களுக்காக, பதிவைக் கேட்க நேரம் ஒதுக்கி அழைப்பு எடுப்போம் என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன். நாளை சிங்களப் பிரதியை மூன்றாம் மாடி மாத்தயாவிடம் காட்டி வாசித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.